முதலாளியைத் துரத்திய மழை

கண்டியில் மூன்று நகைக்கடை வைத்திருக்கும் இராமகிருஷ்ணன் முதலாளி மடுல்கெல்லவில் ஒரு தேயிலைத் தோட்டம் வாங்கினார். அதோடு நிற்காமல், தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம் ஒன்றையும் வாங்கி, ஓட்டுவதற்கு என்னை வைத்துக்கொண்டார். ஆயுத பூசையன்று தோட்டத்துக்கு மேலே பறந்து கை காட்ட வேண்டுமாம். அதற்காகத் தொழிலாளர்களைக் காலை எட்டு மணிக்கே மைதானத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அந்த வரிசையில் என் அம்மா பேச்சியம்மாவும் நின்றாள். நான் விமானம் ஓட்டி அவள் பார்த்ததே இல்லை.

பொல்கொல்ல நீர்த்தேக்கக் கரையில் ஐயர் பூசை செய்தார். இறக்கை, கதவு, வழியையும் திரையில் சிவப்புத் திட்டாக மழையையும் காட்டுகிற டெப் என்று எதையும் விடாமல் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு இட்டார். டெப்பின் கண்ணாடியில் வைத்த பொட்டு மட்டும் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு. மறுநாளுக்கு முன் அதைத் துடைக்கிறவனுக்கு வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதலாளியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வத்தேகமவைத் தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து அவருடைய அலறல்.

“நிரஞ்சன் தம்பி, முன்னுக்குச் செக்கச்செவேல்னு பெரிய மழை! டெப்பைப் பாருங்க!”

வெளியே நக்கிள்ஸ் மலை பளிச்சென்று தெரிந்தது. மனிதர் போட்டோவுக்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

“அது குங்குமம், முதலாளி. ஜன்னல் வழியாப் பாருங்க.”

“ஜன்னலுக்கு என்னங்க தெரியும்? இது சிங்கப்பூர்ல வாங்குன சாமான்!”

இடப்பக்கம் திருப்பினேன். வரைபடம் திரும்பியது, பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

“பாத்தீங்களா, நம்மளையே துரத்துது! திரும்பிப் போங்க!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பினால் வேலை தங்கும். அம்மா வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு லயத்து வீட்டுக்குப் போவாள். சட்டைக் கையால் டெப்பைத் துடைத்தேன்.

மழை நின்றது. முதலாளி முன்னால் எட்டி என் சிவந்த சட்டைக் கையைப் பார்த்தார்.

“பூசைக் குங்குமத்தையா துடைச்சீங்க? எறங்குனதும் சாவிய வச்சிட்டுப் போயிருங்க.”

அது குங்குமம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

மைதானத்துக்கு மேலே தாழப் பறந்தேன். முந்நூறு பேர் துள்ளித் துள்ளிக் கை காட்டினார்கள். நடுவில் ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவேதான்.

“சனத்துக்கு என் மேல எம்புட்டுப் பாசம் பாத்தீங்களா?” முதலாளி கண்ணைத் துடைத்தார். “இன்னொரு சுத்துப் போங்க.”

நான் மூன்று சுற்றுப் போனேன். மூன்று சுற்றும், அவர்களைப் பார்த்து முதலாளி விடாமல் கை காட்டினார்.