அது வேற கொடி

அந்த அலுவலகத்தில் ரகசியம் என்று ஒன்றுமே கிடையாது. உலகத்தில் எங்கே சண்டை மூளும், எந்தப் படை எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டு சொல்வதுதான் பிழைப்பு. ஆனால் ஒற்றன் இல்லை, ஒட்டுக்கேட்பு இல்லை. செயற்கைக்கோள் படம், ஜனங்கள் போடும் வீடியோ, உள்ளூர்ச் செய்தி என்று யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதைத்தான் இவர்களும் பார்த்தார்கள். என்ன, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

மொத்தம் மூன்று பேர். படங்களை அலசுகிறவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நாளெல்லாம் வீடியோ மேய்கிறவன் வம்பு. ஆசிரியருக்கு ரெண்டு சாட்சி என்ற பட்டம். வெளியே மழை பெய்கிறது என்றால்கூட, "இன்னொரு சாட்சி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடையைத் தேடுவார்.

பத்தொன்பது நாளாகப் பூதக்கண்ணாடிக்குச் சோறு இறங்கவில்லை. முற்றுகைக்குள் சிக்கிய ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுடைய அக்கா தலைமை நர்ஸ். செல்போன் கோபுரம் சாய்ந்த நாளிலிருந்து அக்காவின் குரல் இல்லை. குண்டுக்குப் பயந்து அங்கே ஒருவரும் மொட்டைமாடிக்கு ஏறுவதில்லை. காலையில் புதுப் படம் வந்ததும் அந்த ஆஸ்பத்திரியின் கூரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். இருக்கும். ஆனால் கூரைக்குக் கீழே அக்கா இருக்கிறாளா என்பதை எந்தப் படம் சொல்லும்?

இருபதாம் நாள் காலைப் படத்தில் அந்த மொட்டைமாடி முழுக்க வெள்ளை வெள்ளையாய் என்னவோ தெரிந்தது.

பின்னால் நின்று பார்த்த ரெண்டு சாட்சி கூவிவிட்டார். "வெள்ளைக்கொடி! சரணடைஞ்சுட்டாங்க!"

"சார், ஒரு நிமிஷம்..."

"நிமிஷமெல்லாம் இல்லம்மா. மத்தவங்க முந்திக்குவாங்க. வம்பு, தலைப்பு அடி. நகரம் சரணடைந்தது!"

பன்னிரண்டு வருஷமாய் இரண்டு சாட்சி கேட்டு உயிரை வாங்கிய மனிதருக்கு, அன்றைக்குப் பார்த்து ஒன்றே போதுமாம்! வெளியே காத்திருக்கும் படை அந்த ஒரு தலைப்பைச் சாக்காக வைத்தே ஊருக்குள் புகுந்துவிடும். அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நாலு வரிசை, ஒரு சந்து, மறுபடி நாலு வரிசை.

அவள் துள்ளிய துள்ளலில் வம்புவின் டீ மேஜையெல்லாம் ஓடியது.

"கொடிதான் சார்! ஆனா அது வேற கொடி! துணி காயப்போடுற கொடி!"

"என்னது?"

"பெட்ஷீட் சார், ஆஸ்பத்திரி பெட்ஷீட்! சரணடையறவன் நடக்க வழி விட்டு, வரிசை பிடிச்சா கொடி கட்டுவான்? நாலுக்கு ஒரு சந்து விடறது எங்க அக்கா பழக்கம். சின்ன வயசுல நான் கோணலாப் போட்டா நறுக்குனு குட்டுவா. மாடியில துணி காயுதுன்னா என்ன அர்த்தம்? குண்டு நின்னுருச்சு சார்!"

ரெண்டு சாட்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடித்த தலைப்பை அழிக்கச் சொன்னார். பிறகு, கொஞ்சம் அசடு வழிய, "சரி, பெட்ஷீட்னே வச்சுக்குவோம். இன்னொரு சாட்சி இருக்கா?" என்றார்.

பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார்! அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் உள்ளே ஒரு பயம் அரித்தது. அந்தப் பழக்கத்தை அக்கா வேறு யாருக்காவது கற்றுக்கொடுத்திருந்தால்? காயப்போட்டது வேறு யாராவதாக இருந்தால்?

அரை மணி நேரம் கழித்து வம்பு அலறினான். "அந்த ஊருக்கு சிக்னல் வந்துருச்சு! வீடியோவாக் கொட்டுது! ஒண்ணு ஆஸ்பத்திரி மாடியிலேருந்து!"

மூன்று தலையும் ஒரே திரைக்குள் முட்டின. காற்றில் படபடக்கும் விரிப்புகள், யாரோ சிரிக்கும் சத்தம். ஒரு விரிப்புக்குப் பின்னாலிருந்து, முகம் தெரியாமல், கட்டிப்போன தொண்டையில் ஒரு குரல்:

"க்ளிப் போடுங்கடி, க்ளிப்பு! பறந்துரப் போகுது! அந்தக் கடைசி வரிசை ஏன் இப்படி இழுத்துக்கிட்டு நிக்குது? மேலேருந்து என் தங்கச்சி பாப்பாடி. பாத்தா சிரிப்பா. நேராப் போடுங்க!"

பூதக்கண்ணாடிக்குக் கால் தரையில் பாவவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மேஜையைச் சுற்றி ஓடினாள். அந்தத் திட்டை எட்டுத் தடவை போட்டுக் கேட்டார்கள்.

"சொந்தக்காரங்க சாட்சி செல்லுமா சார்?" என்றான் வம்பு.

"ஊரே கேக்குற மாதிரி திட்டியிருக்காங்களேப்பா. செல்லும்." ரெண்டு சாட்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் கையாலேயே அடித்தார்: குண்டுகள் ஓய்ந்தன, மாடியில் துணி காய்கிறது.

அவள் தன் இடத்துக்குத் திரும்பிக் காலைப் படத்தை மறுபடி திறந்தாள். மாடியின் ஓரத்துக்குப் போனாள். கடைசி வரிசையில் விரலை வைத்தாள்.

"கோணல்தான்க்கா," என்றாள். "நல்லாவே கோணல்."