சேவ் செய்ய வேண்டாம்

ஜமால்தீன் ஹாஜியாரின் துணிக்கடையில் ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு ஒரு சடங்கு நடக்கும். கடையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் ஃபாஸில் சேர் லெப்டொப்பைத் திறந்து, அதிலிருந்து ஒரு நீல வயரை எடுத்து ரவுட்டரின் முதுகில் சொருகுவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் கடையே மூச்சை அடக்கிக்கொள்ளும். பில் போடும் ஸுமைரா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நிற்பாள். ஹாஜியார் தன் கையாலேயே இஞ்சித் தேநீர் கொண்டுவந்து வைப்பார். நாற்பது நிமிடம் கழித்து அக்குறணைக் கிளையும் கம்பளைக் கிளையும் தொடர்புக்கு வந்ததும், "மாஷா அல்லாஹ்" என்றபடி எல்லோரும் கலைந்து போவார்கள். அதற்குப் பிறகுதான் கடையில் ஒரு சாரம் விற்க முடியும்.

நான் யசோதா. கலஹாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். நெட்வேர்க் டிப்ளோமா படித்த பாவத்துக்கு என்னை ஃபாஸில் சேரின் உதவியாளராக மூன்று மாதத் தவணையில் எடுத்திருந்தார்கள். தவணை முடியும் வெள்ளிக்கிழமை நிரந்தரக் கடிதம் கிடைக்கும், அல்லது கிடைக்காது. கிடைக்காவிட்டால் மாமாவின் கம்யூனிகேஷன் கடையில் நின்று ஊராரின் அடையாள அட்டைகளைப் போட்டோகொப்பி அடிப்பது என்று வீட்டில் தீர்மானமாகியிருந்தது. அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர எல்லோரும் கலந்துகொண்டார்கள்.

ரவுட்டரை ஏன் நாள்தோறும் புதிதாகப் பெற்றெடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதே தெருவில் ஒரு கடை மின்கசிவில் எரிந்துபோன நாளிலிருந்து, ஹாஜியார் கடை பூட்டும்போது மெயின் சுவிட்சைத் தானே இறக்கிவிட்டுத்தான் போவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டும்போதும் அப்படியே. ஆகவே அன்றைக்குச் சடங்கு இரண்டு வேளை. கரண்ட் போனதும் ரவுட்டர் தன் பெயரையே மறந்துவிடும். ஃபாஸில் சேர் வந்து அதற்கு மீண்டும் பெயர் சூட்டி, கடவுச்சொல் கொடுத்து, வயர் சொருகும் ஒவ்வொரு வாசலுக்கும் முகவரி எழுதி, 'நோ ஷட்டவுன்' என்று அடித்து, மூடிக்கிடக்கும் வாசல்களைத் திறந்துவிடுவார். இதை நாலு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

"சேர், கடைசியில சேவ் பண்றதில்லைங்களா?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"நீங்க புதுசு தங்கச்சி. ரவுட்டர் எண்டா அப்படித்தான். காலைல எழுப்போணும்," என்றார்.

கள்ளன் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். ஒரு வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டு நாலு வருடமாக இஞ்சித் தேநீர் குடிக்கும் மனிதர்மீது கொஞ்சம் பொறாமைகூட வந்தது. எனக்கு அந்த மூளை இல்லையே.

மூன்றாவது மாதத்தில் அவர் தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு கிழமை லீவில் மக்காவுக்கு உம்ரா செய்யப் போனார். அவர் எடுத்த முதல் லீவு அது. என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். போகும்போது கட்டளைகள் எழுதிய பழைய கொப்பியை, வீட்டுத் திறப்புக் கொத்தைக் கொடுப்பதுபோல என்னிடம் கொடுத்தார். நான் அதைத் திறந்தும் பார்க்காமல் மேசை லாச்சியில் போட்டேன்.

திங்கட்கிழமை பத்தே நிமிடத்தில் ரவுட்டரை அமைத்தேன். கடைசியில், ஓடிக்கொண்டிருப்பதை நிலையான நினைவில் எழுதிவை என்று சொல்லும் அந்த ஒற்றை வரியையும் அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் கடைக்குள் நுழையும்போதே இரண்டு கிளைகளும் தொடர்பில் இருந்தன. எட்டரைக்குக் கூடியவர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. "இன்டைக்கி இல்லயா?" என்று ஸுமைரா முகம் வாடிக் கேட்டாள். தேநீரோடு வந்த ஹாஜியார் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, இன்னும் தொடங்கல்லயா?"

"நேத்தே செஞ்சிட்டேங்க ஹாஜியார். இனிமே தானா வரும்."

"ஃபாஸில் நாலு வருஷமா ஒரு நாள் தவறாம செய்ற வேல, உங்களுக்குத் தானா வருதா?" என்றவர், அந்தத் தேநீரை அங்கேயே நின்று தானே குடித்தார்.

அதற்குப் பிறகு நான் பில் மெஷின்களைத் துப்புரவாக்கினேன், அறுந்த வயர்களை மாற்றினேன், கம்பளைக்குப் போய்ப் பிரிண்டரைத் திருத்தினேன். எதுவும் கணக்கில் வரவில்லை. கறுப்புத் திரை இல்லாத வேலை ஒரு வேலையா? 'சும்மா ஈக்கிறா' என்ற பேச்சு துணிக்கட்டுகளைத் தாண்டி என் காதுக்கும் வந்தது.

அடுத்த வாரம், என் தவணை முடியும் வெள்ளிக்கிழமை, ஃபாஸில் சேர் பேரீச்சம்பழத்தோடு திரும்பிவந்தார். ஜும்ஆ முடிந்து ஹாஜியார் மெயின் சுவிட்சை ஏற்றினார். சேர் நீல வயரைக் கையில் எடுப்பதற்குள் ரவுட்டர் தானாக எழுந்துவிட்டது. வயரோடு அவர் நின்றுகொண்டிருக்கும்போதே ஹாஜியார் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் கையெழுத்துப் போடாத என் கடிதம் கிடந்தது.

"ஃபாஸில், நீங்க இல்லாத ரெண்டு கிழமயும் இந்தப் புள்ள கதிரைய சூடாக்கினது மட்டும்தான். வேல இல்லாத எடத்துல ஆள் என்னத்துக்கு?"

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஒரு வரிதாங்க ஹாஜியார். அத அடிச்சா கரண்ட் போனாலும் ரவுட்டருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். இவரு நாலு வருசமா அத வேணும்னே அடிக்கல. தெனம் வந்து வித்த காட்டிக்கிட்டு இருந்தாரு!"

சேருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கொப்பியைக் கேட்டார். லாச்சியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். சிவப்புப் பேனையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: 'சேவ் செய்ய வேண்டாம்.'

"நெட்வேர்க் கிளாஸ்ல படிப்பிச்ச சேர் சொல்லச் சொல்ல எழுதினது," என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வகுப்பிலும் அப்படித்தான் சொன்னார்கள். பின்னேரம் அதே ரவுட்டரில் பழக வருகிற பிள்ளைகளுக்கு அது வெறுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக. எங்களுக்குக் காரணத்தையும் சொன்னார்கள். இவருக்கு யாரும் சொல்லவில்லை.

"நெசமாவே அந்த வரியப் போட்டா அடுத்த நாள் ஆள் வரத் தேவல்லயா?"

"தேவையில்ல சேர்," என்றேன். விளங்கிய பிறகும் குரலிலிருந்த மிதப்பு இறங்கவில்லை.

அவர் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா ஊர்ல, ஹுன்னஸ்கிரியவுல மவுத்தான அண்டைக்கி, சுபஹுக்கே ஹாஜியாருக்கு கோல் எடுத்தேன். 'செட் பண்ணிட்டு ஓடிப் போங்க, வேன் தாரேன்' எண்டாங்க. செட் பண்ணிட்டுத்தான் போனேன். போய்ச் சேரக்குள்ள ஜனாஸாவ அடக்கி முடிஞ்சி. மொகத்தப் பாக்கக் கெடைக்கல்ல."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். பிறகு பேனையை எடுத்து, வாசித்தும் பார்க்காமல் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கமாகத் தள்ளிவிட்டார். வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. மூன்று மாதமாக அந்தக் காகிதத்துக்காகத்தான் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அதைத் தொட எனக்கு வெட்கமாக இருந்தது.

ஃபாஸில் சேர் கொப்பியையும் பேனையையும் என்னிடம் நீட்டினார். "அந்த வரிய இதுல எழுதித் தாங்க தங்கச்சி."

எழுதிக் கொடுத்தேன். அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.