ரெண்டு இருந்தா போதும்

திங்கட்கிழமை காலையில் மருந்து ஜன்னல் திறந்த பிறகுதான் டைல்ஸ் ஆலையில் வேலை சூடு பிடிக்கும். சூளையிலிருந்து டைல்ஸ் அடுக்கிய தட்டு இறக்குகிறவர்கள் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஆலை டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு, கம்பவுண்டர் ஆளுக்கொரு அட்டை மஞ்சள் மாத்திரையைத் தள்ளுவார். முதுகு வலிக்கு. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய தட்டை ஒருவரே தூக்கினால் முதுகு என்ன செய்யும்? இருக்கிற முதுகை வைத்துக்கொண்டு ஷிப்டை முடிக்க வேண்டும் என்பதுதான் ஆலையின் கவலை, அதற்கு மாத்திரை போதும்.

கணக்குக்காரி எதிர்ப்பக்க பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து இரவு ஷிப்டு கலைவதற்காகக் காத்திருந்தாள். இந்த ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். எந்த சர்வே வந்தாலும் கேள்விகள் ஏற்றிய டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அவள்தான் வருவாள். ஒரு தடவை கொசு, ஒரு தடவை கழிப்பறை. இந்த முறை போதை மருந்துப் பழக்கம். முடித்துக் கொடுத்த வீட்டுக்குத்தான் கூலி.

இந்தக் கணக்கை நாலு வருஷம் முன்பும் அவள்தான் எடுத்தாள். இப்போது கேள்விகள் மாறியிருந்தன. உலகத்து மனநல டாக்டர்கள் கூடி நோயின் இலக்கணத்தையே திருத்திவிட்டார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். முன்பு இரண்டு நோயாக இருந்தது இப்போது ஒன்று. அதிலேயே லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்று படி. முன்பு அடிமை என்று எழுத மூன்று அறிகுறி வேண்டும், இனி இரண்டு இருந்தால் போதும். "அப்ப நோயாளிங்க தொகை ஏறிடுமே சார்" என்று யாரோ கேட்டதற்குப் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஷிப்டு கலைந்ததும் அவள் முதலில் போனது தட்டு இறக்கும் ஒரு சூளைக்காரர் வீட்டுக்கு. அங்கே அவர் மனைவி பள்ளிக்கூடப் பைகளுக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். கணக்குக்காரியைக் கண்டதும் மெஷினை நிறுத்தினாள்.

"அக்கா! நீங்கதானே போன தடவையும் வந்தது? உள்ள வாங்க. நீங்க வந்துட்டுப் போன ராசி, மறு வருஷமே குறைக்கிற ரூம் வந்துச்சு."

குறைக்கிற ரூம் பொது ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு நர்ஸ் அவரவர் கொண்டுவரும் மஞ்சள் மாத்திரையை பிளேடால் வெட்டிக் கொடுப்பாள். துண்டு மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வரும். நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் வேறு மருந்து உண்டு. சூளைக்காரர் முழு மாத்திரையிலிருந்து முக்காலுக்கு வந்து, இப்போது அரையில் நின்றார். ஒரேயடியாக விட்டால் என்ன ஆகும் என்று அவர் இரண்டு தரம் தானாகவே பார்த்துவிட்டார். எலும்புக்குள் குளிர் ஏறி, போர்வைக்குள் சுருண்டு கிடந்து, மூன்றாம் நாளே ஜன்னல் வரிசையில் போய் நின்றார்.

"இந்தக் கணக்குல ஊருக்கு நோயாளித் தொகை வந்தாத்தான் ரூம் இருக்கும்னு நர்ஸம்மா சொல்லிச்சு" என்றாள் மனைவி. "தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன். யாரும் கௌரவம் பாத்து மறைக்கக் கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்லணும்னு."

கணக்குக்காரிக்கு இது புதுசு. இந்தக் கேள்விகளுக்கு மனிதர்கள் பொய் சொல்லித்தான் அவள் பார்த்திருக்கிறாள். உண்மையைச் சொல்ல ஒரு தெருவே காத்திருந்து அவள் கண்டதில்லை.

சூளைக்காரர் முகம் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கழுவியும் இமையெல்லாம் களிமண் தூசு.

"குறைக்கணும்னு நினைச்சு முடியாமப் போயிருக்கா, தம்பி?"

"ரெண்டு தரம்."

"அதை நினைச்சு ஏங்குமா? போட்டே ஆகணும்னு?"

"ஏங்குறதுக்கு அது என்ன சினிமாவா? கை நடுங்காம இருந்தாப் போதும்."

"அதனால வேலைக்குப் போகாம இருந்திருக்கீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க. அதைப் போட்டாத்தான் வேலைக்கே போக முடியுது."

மனைவி பொறுக்க மாட்டாமல் உள்ளே புகுந்தாள். "நடுக்கத்தைக் கேளுங்கக்கா. முதல்ல அரை மாத்திரைதான் போட்டாரு, அப்புறம் அது வலிக்குக் கேக்கலைன்னு டாக்டரே முழுசாக்கினாரு. அதைக் கேளுங்க."

கணக்குக்காரி கேட்டாள். இரண்டுக்கும் அவர் ஆமாம் என்றார். அடுத்து டேப் கேட்டது: மாத்திரையை டாக்டர் சொன்னபடிதான் சாப்பிடுகிறாரா? சூளைக்காரர் நல்ல பிள்ளையாகச் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். ஒரு மாத்திரைகூட அதிகம் போட்டதில்லை, வெளியில் வாங்கினதில்லை. ஆமாம் என்று தொட்டதும் நடுக்கமும் அளவு கூடினதும் சாம்பல் நிறமாகி அணைந்தன. மிச்சம் இருந்தது ஒன்று, குறைக்க முடியாமல் போனது. திரையில் 'நோய் இல்லை' என்று வந்தது.

பயிற்சியில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத வரி இதுதான்: டாக்டர் சொன்னபடி போடுகிறவருக்கு அந்த இரண்டும் அறிகுறிக் கணக்கில் சேராது. அவள் வெளியே போய் சூப்பர்வைசருக்கு போன் செய்தாள்.

"டாக்டர் கொடுத்தா அது மருந்தும்மா" என்றார் அவர். "புற்றுநோய்க்காரங்க, ஆபரேஷன் ஆனவங்க எல்லாம் வலிக்குப் போடுறாங்க. உடம்பு பழகிடுச்சுன்னு அவங்களைப் போய் போதைக்காரன்னு எழுதலாமா? அதுக்குத்தான் இந்த விதி. நியாயந்தானே?"

"நியாயந்தான் சார். ஆனா இங்க ஆலையே..."

"நீ கேள்வியை மட்டும் கேளு. பத்து வீட்டுக்கு ஒரு வீடு நாங்க திரும்பக் கூப்பிட்டுக் கேப்போம், ஞாபகம் வச்சுக்க."

திரும்பி வந்து சூப்பர்வைசர் சொன்னதையெல்லாம் சொன்னாள். மனைவிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்ங்கிற கதையா இருக்கே. போன தடவை இதே கைதானேக்கா நடுங்குச்சு? அப்ப நோய், இப்ப நோய் இல்லையா?" சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "சரி, சீட்டு இல்லைன்னு போட்டுருங்க. வெளியில வாங்குறாருன்னு போடுங்க."

"ஏய், சும்மா இரு" என்றார் சூளைக்காரர். "திரும்பக் கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு அக்கா சொல்றாங்கல்ல? வெளியில வாங்குறேன்னு நானே சொல்லி, அது ஆலைக்குத் தெரிஞ்சா அன்னைக்கே கேட்டுக்கு வெளியில நிக்கணும்."

"அப்ப ரூம்?"

சூளைக்காரர் சீட்டை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தார். கணக்குக்காரிக்கு வெட்கமாக இருந்தது. பொய்யாகத் தொட அவள் விரல் துணியவில்லை, பிடிபட்டால் இந்த ஊர்க் கூலி முழுக்கப் போய்விடும். அனுப்பு என்பதைத் தொட்டாள். அந்தத் தெருவில் வீடு வீடாக உண்மையைச் சொன்னார்கள், வீடு வீடாக சீட்டைக் காட்டினார்கள்.

முடிவு வெளியானபோது நாடு முழுக்கத் தொகை கொஞ்சம் ஏறியிருந்தது. இந்த ஊரில் மட்டும் பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. ஆலை வாசலில் 'போதையை வென்ற நம் ஊர்' என்று பேனர் கட்டினார்கள். அதில் ஆலை டாக்டர் மாலையோடு சிரித்தார். நர்ஸை வேறு ஊருக்கு மாற்றினார்கள். குறைக்கிற ரூமில் கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டினார்கள்.

அடுத்த வருஷம் கணக்குக்காரி மறுபடியும் வந்தாள். சூளைக்காரர் பட்டப்பகலில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ரூம் மூடிய பிறகு அவர் தானே பிளேடை எடுத்து வெட்டிக் குறைக்கப் பார்த்திருக்கிறார். நடுக்கம் தாங்காமல் சூளை வாயில் ஒரு தட்டைக் கீழே போட்டுவிட்டார். வேலை போயிற்று, அதோடு சீட்டும் போயிற்று. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்ததும் அவர் எழுந்தேவிட்டார்.

"வாங்கக்கா, இப்பக் கேளுங்க. சீட்டு கிடையாது. லாரி செட்டுல வாங்குறேன். விலை அதிகம், அளவு கணக்கே இல்லை. இப்ப ரெண்டு என்ன, நீங்க கேக்குறது எல்லாமே தேறும்."

"இது அந்தக் கணக்கு இல்ல தம்பி" என்றாள் அவள். "வீட்டுல காத்தோட்டம் இருக்கான்னு பாக்குறது."

"அது எப்ப வரும்?"

"இன்னும் மூணு வருஷம் ஆகும்."

மெஷின் சத்தம் நின்றது. அவர் மறுபடியும் வாசற்படியில் உட்கார்ந்தார். அவளுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி என்பது அவருக்குத் தெரியும்.

"சரி, கேளுங்க."

"ஜன்னல் எத்தனை?"

"ஒண்ணு."

"திறக்குமா? திறந்து காட்டச் சொல்லிக் கேக்குது."

அவர் உள்ளே போய் ஜன்னல் கொக்கியில் கை வைத்தார். கொக்கி சின்னது, விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதின. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றார். மனைவி எழுந்து வந்து, அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு, கொக்கியை எடுத்தாள்.

கணக்குக்காரி 'திறக்கும்' என்பதைத் தொட்டாள்.