பூட்டு மாற்ற வந்தவர்

வெளி மாநில மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருந்துகொண்டே, சொந்த ஊரிலிருந்த தன் மாடிவீட்டை ஆறு வருடங்களாகப் போனிலேயே நிர்வகித்து வந்தாள் அவள்.

சென்ற ஆண்டு தரகர் அனுப்பிய ஒப்பந்தத்தில், குடிவருகிறவரின் புகைப்படத்தைப் பார்த்ததும் ஆளை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பன்னிரண்டு வயதில், அப்பா இறந்த மறுமாதமே, அம்மாவும் அவளும் கடைக்குப் போன நேரம் பார்த்து அவர்களுடைய வாடகை வீட்டைப் பூட்டிய வீட்டுக்காரர். பாத்திரம், படுக்கை எல்லாம் உள்ளே. அம்மா தெருவில் நின்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இன்று அவருக்கே வீடில்லை. பிள்ளைகள் விற்றுத் தின்றுவிட்டார்கள்.

கடவுளே கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தாள். கடவுள் யாரையும் அப்படிக் கொடுப்பதில்லை. அந்தப் பெரியவருக்கே வீட்டைக் கொடுக்கச் சொன்னாள். விஷயம் தெரியாத தரகர் அவளைத் தங்கமான மனுஷி என்று புகழ்ந்தார்.

ஆக்கப் பொறுத்தவள் ஆறவும் பொறுத்தாள். குளியலறைச் சுவர் ஒழுகுகிறது என்று பெரியவர் போன் செய்யும்போதெல்லாம் பார்க்கலாம் என்றாள். ஒப்பந்தம் முடிந்தது. மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை, பதினைந்து நாள் கொடுங்கள் என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. இன்று காலை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று கீழ்வீட்டுத் தையற்காரி சொன்னதும், பூட்டுக்காரரை அனுப்பினாள். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டதாக அவரிடம் சொன்னாள். பொய் நாக்கில் வெல்லமாய்க் கரைந்தது.

கால் மணி நேரத்தில் பூட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். பழைய பூட்டைத் திறந்து உள்ளே போயிருந்தார். கொடியில் ஒரு புடவை நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஈரத்துணி கெடக்கு தங்கச்சி. காயப்போட்டவங்க சாயங்காலம் எடுக்க வருவாங்க. இதுக்கு மேல நான் பூட்டு மாத்துறதில்ல."

"அந்த ஆளு எங்களுக்கு என்ன பண்ணாருன்னு உங்களுக்குத் தெரியாதுண்ணே."

எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பண்ணது பாவம்தான். அன்னைக்கு அவரே பூட்டினாரா, இல்ல என்னை மாதிரி ஒருத்தனைக் கூட்டியாந்தாரா?"

அவள் யோசித்தாள். தோளில் பையோடு ஒருவன் வந்திருந்தான். வேலை முடியும்வரை அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

"கூட்டிட்டுத்தான் வந்தாரு. அவன் எங்களைப் பார்க்கவே இல்ல."

"நான் பார்த்துட்டேனேம்மா" என்றார் பூட்டுக்காரர்.

அவர் பழைய பூட்டையே பூட்டிவிட்டு, குளியலறை ஒழுகுகிறது, என் மச்சான் குழாய் வேலைதான், வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். வரட்டும் என்றாள். கோபம் அப்படியே நெஞ்சில் இருந்தது.

மாலையில் அவளே பெரியவரைக் கூப்பிட்டாள். தான் யார் என்பதைச் சொன்னாள். அம்மா கும்பிட்டதைச் சொன்னாள்.

"நான் உங்களை மன்னிக்கல. நாளைக்கு ஒழுகலைச் சரிபண்ண ஆள் வரும். உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு சரியாகிற வரைக்கும் இருங்க."

அந்தப் பக்கம் போனில் யார் என்று அவர் மனைவி கேட்டாள்.

"நான் பூட்டிவிட்ட வீட்டுப் பொண்ணு" என்றார் பெரியவர்.