சிட்டுவைக் கூப்பிடுகிறவர்கள்

பல் டாக்டருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷர், வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் வெள்ளிக் காகிதம் ஒட்டிய கோட்டை மாட்டிக்கொண்டு விண்கலத் தலைவராகிவிடுவார். அவருக்குப் பின்னால் ஒரு பட்டாளம். வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், வாத்தியார்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள். எல்லோர் தோளிலும் நட்சத்திரப் பட்டை. வாடகை மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, என் கணவர் ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கு எழுதிய தொடரைப் பற்றிச் சாயங்காலம் வரை சண்டை போடுவார்கள். கலத்தின் இரண்டாவது எஞ்சின் ஏன் பழுதானது என்ற வாக்குவாதத்தில் இரண்டு பேர் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பார்க்கப் பார்க்க எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஆனாலும் வருஷா வருஷம் நான்தான் என் கணவரை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. எதிரே இருப்பது ஆளா தூணா என்பதே பேசினால்தான் தெரியும். அவரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்காருவேன். முன்னால் உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

காரணம், கூட்டம் தொடங்குமுன் அவர்கள் செய்கிற ஒரு காரியம். மேசைமேல் ஒரு பெட்டி இருக்கும். தொடரில் வந்த வானொலிப் பெட்டி. ஒட்டுப்பலகையில் செய்து சாம்பல் வண்ணம் அடித்தது. முன்பக்கம் இரண்டு திருகு, உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. பல் டாக்டர் அதைக் கையில் எடுத்ததும் மண்டபமே கப்சிப் என்றாகிவிடும்.

"சிட்டு, கேக்குதா? மெதுவா வா. கதவு தெறந்துதான் இருக்கு."

எல்லோரும் காத்திருப்பார்கள். பதில் வராது, வெறும் பலகை எங்கிருந்து பேசும்? கொஞ்ச நேரம் கழித்து டாக்டர், "பதில் இல்ல. இன்னும் போய்க்கிட்டேதான் இருக்கா," என்பார். உடனே கைதட்டல், விசில், சிரிப்பு. என் கணவரும் குழந்தை மாதிரி கைதட்டுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவர் வருஷம் முழுக்கச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

தொடரில் சிட்டு என்பது கலத்து மெக்கானிக்கின் மகள். கடைசிப் பகுதியில் கலம் தீப்பிடிக்கும்போது, ஒருவர் மட்டுமே போகக்கூடிய சின்னப் படகில் அப்பன் அவளை ஏற்றி அனுப்புவான். படகு புள்ளியாகி இருட்டில் மறையும். அவன் வானொலியில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். அத்தோடு தொலைக்காட்சிக்காரர்கள் தொடரை நிறுத்திவிட்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தாளா, இல்லையா? யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பேர் தலை நரைக்க நரைக்கக் கூடிக்கொண்டிருந்தார்கள்.

சிட்டு எங்கள் மகள். அது வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர். பள்ளிக்கூடம் விட்டால் மூன்று மாடி ஏறி வர அவளுக்கு ஒரு யுகம் ஆகும். படிக்குப் படி உட்கார்ந்து எறும்பு பார்ப்பாள், யாராவது வீட்டுப் பூனையோடு பேசுவாள். இவர் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, "சிட்டு, கேக்குதா? மெதுவா வா. கதவு தெறந்துதான் இருக்கு," என்பார். நான் உள்ளேயிருந்து, "நீங்க குடுக்கிற செல்லம்தான், சீக்கிரம் வரச் சொல்லுங்க!" என்று கத்துவேன். அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பெற்ற வயிறு எப்படி எரியும் என்று எழுதினால் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

அதற்குப் பிறகு எழுதியதுதான் அந்தக் கடைசிப் பகுதி. "யார்கிட்டயும் சொல்லாதம்மா," என்றார் என்னிடம். "சொல்லிட்டா அவ அங்கயும் இல்லாம போயிடுவா." துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். சாயங்காலமானால் வாசல் கதவைத் தாழ் போட மாட்டார். படுக்கப் போகும்போது நான் தாழ் போடும்வரை அது சும்மா சாத்திக் கிடக்கும். "எவனாவது நுழைஞ்சு இருக்கறதையெல்லாம் வழிச்சிக்கிட்டுப் போகட்டும், அப்பத்தான் உங்களுக்குப் புத்தி வரும்," என்று நானும் தினம் தினம் திட்டுவேன். காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொடரை மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பல் டாக்டர் போனில் அழுதேவிட்டார். புது இயக்குநரும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்த பையன்தான். அரைக்கால் சட்டை வயதிலேயே நட்சத்திரப் பட்டை ஒட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தவன். இப்போது தாடியும் வண்டியும் ஆளுமாக நின்றான். கதையைச் சொல்ல எங்களை அலுவலகத்துக்கு வரச் சொன்னான்.

கண்ணாடிச் சுவர் போட்ட அறை. ஏசி எலும்பைக் குடைந்தது. காலிக் காப்பிக் கோப்பைகள், பாதி கடித்த பிஸ்கட்டுகள், எல்லோர் முன்னாலும் மடிக்கணினி. ஒரு சுவர் முழுக்கப் பலகை. அதில் காட்சிக்கு ஒன்றாக வண்ண அட்டைகளைக் குத்தி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு நடிகையின் படம். முப்பது வயதிருக்கும், கறுப்பு உடை, கையில் துப்பாக்கி.

"சார், இதான் நம்ம சிட்டு," என்றான் பையன். "அவ சாகல சார். வளந்து திரும்பி வர்றா. எதிரிப் படைக்குத் தலைவியா! ஜனங்க அப்படியே ஆடிப்போயிடுவாங்க."

இவர் தலையாட்டினார். "வளந்துட்டாளா? எவ்ளோ உயரம் இருப்பா?" என்று கேட்டார். பையனுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அவருக்குத்தான் பலகை தெரியாது. எனக்குத் தெரியுமே. கடைசி வரிசையில் சிவப்பு அட்டை ஒன்று. 'மெக்கானிக் சிட்டுவைச் சுடுகிறார். அவர் மடியிலேயே உயிர் பிரிகிறது.'

"இது என்னப்பா?" என்றேன்.

"அது கடைசிக் காட்சிம்மா. வேற வழியே இல்லாம அப்பாவே..."

"சுடுறாரா?"

"ரொம்ப சோகமா எடுப்போம்மா. சார் எழுதினதுக்கு மரியாதையா இருக்கும்."

இவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "உங்க இஷ்டம் தம்பி," என்றார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்ன அவர் இஷ்டம்? யார் பெத்த புள்ளைய யார் சுடுறது? மரியாதையாம், பெரிய மரியாதை! அவ என் பொண்ணுடா. என் வயித்துல பொறந்தவ. ஒம்பது வயசுல, காய்ச்சல்ல, இந்தக் கையிலதான் போனா. நீங்க வருஷா வருஷம் வெறும் பலகைப் பெட்டிய வெச்சிக்கிட்டு விசிலடிச்சுக் கூப்பிடுறீங்களே, அவளைத்தான்டா கூப்பிடுறீங்க!"

பையன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. மெல்ல எழுந்து போய், சிட்டு வருகிற அட்டைகளையெல்லாம் தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். நடிகையின் படத்தையும் எடுத்தான். அழுதுகொண்டே என்னிடம் வந்து, "மன்னிச்சிடுங்கம்மா. இனி அவங்கள நாங்க தொடவே மாட்டோம். அவங்க போட்டோ ஒண்ணு மட்டும் கிடைக்குமா?" என்றான். பையில் எப்போதும் வைத்திருப்பேன், எடுத்துக் கொடுத்தேன். செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. என் பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

லிஃப்டில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தெரிஞ்சிடுச்சில்ல, எல்லாருக்கும்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

தொடர் வந்தது. முதல் பகுதியை வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். நான் பார்த்தேன், அவர் கேட்டார். இசை நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'சிட்டுவின் நினைவாக.'

"என்னம்மா, சத்தமே காணோம்? என்ன எழுதியிருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. நடிச்சவங்க பேரு ஓடுது," என்றேன்.

கலத்தில் மெக்கானிக் இருந்தான். அவனுக்கு மகள் என்று ஒருத்தி இருந்ததாக யாரும் வாயைத் திறக்கவில்லை. பகுதி முடியும்வரை இவர் காதை அந்தப் பக்கமே வைத்திருந்தார். முடிந்ததும், "ஒருவேளை அடுத்ததுல வருவாளோ என்னவோ," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வருஷக் கூட்டத்துக்குச் சொல்லவே வேண்டாம், அப்படியொரு ஜனம். புதுத் தொடர் பார்த்துவிட்டு வந்த இளவட்டங்கள் வாசல் வரை நின்றார்கள். ஆனால் நாங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்று, எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். பல் டாக்டர் வெள்ளிக் கோட்டு போடவில்லை. சாதாரணச் சட்டை. மேசையைப் பார்த்தேன். பெட்டி இல்லை. அந்த இடத்தில் சிட்டுவின் படம், ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியது. சுற்றிலும் பூ.

"பூ வாசனை வருதே," என்றார் இவர். "யாருக்கும்மா கல்யாணம்?"

நான் அவரை முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

டாக்டர் எல்லோரையும் எழுந்து மௌனமாக நிற்கச் சொன்னார். நின்றார்கள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்ததும் அவர் முதல் பேச்சாளரை அழைக்கப் போனார். இவர் கையை நீட்டி, டாக்டரின் சட்டையைத் தேடிப் பிடித்தார்.

"ஏன் டாக்டர், இன்னும் கூப்பிடலியே?"

"இனிமே கூப்பிட மாட்டோம் சார்," என்றார் டாக்டர். கண்ணில் தண்ணீர் முட்டியது. "தெரியாம இத்தனை வருஷம் விளையாடிட்டோம். உங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்! எங்கள மன்னிச்சிடுங்க."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல. கூப்பிடுங்க. ஒருதடவ கூப்பிடுங்க," என்றார் இவர். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாரே தவிர, கூப்பிடவில்லை. அத்தனை பேரும் நல்லவர்கள். அதுதான் கொடுமை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டாவது கூப்பிட வைத்திருப்பேன்.

பெட்டி மேடைக்குக் கீழே துணி மூடிக் கிடந்தது. நான் போய் எடுத்தேன். கதவோரத்தைவிட்டு நகராதவள், அத்தனை ஜனத்துக்கு முன்னால் அதை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சிட்டு, கேக்குதா? மெதுவா வா..."

அதற்குமேல் குரல் எழும்பவில்லை. காத்திருந்தோம். 'இன்னும் போய்க்கிட்டேதான் இருக்கா' என்று யாராவது ஒருவர் சொல்லமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். அது தொற்றிக்கொண்டு மண்டபம் முழுக்க அழுதது, செத்த வீட்டில் அழுகிற மாதிரி.

"போதும்மா," என்றார் இவர். "வா, போகலாம்."

மூன்று மாடியும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது; கீழே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. நான் விளக்கைப் போட உள்ளே போனேன். பின்னால் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் கதவைத் தடவித் தடவித் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்து, இறுகிக் கிடந்ததை இரண்டு கையாலும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இப்பவே போடுறீங்க?" என்றேன்.

"இனிமே யாரும்மா வரப்போறா," என்றார்.