முப்பத்து மூன்றாம் பக்கம்

தமிழ்மொழி அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, சிந்தாதிரிப்பேட்டைச் சந்துக்குள் நுழைய முடியாமல் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் மின்கம்பத்தில் மாட்டிக்கொண்டது. பதிப்பாளர் கதிரேசன் தி. நகரிலிருந்து கொண்டுவந்தது. அதில் ‘பதிப்புச் செம்மல்’ கதிரேசன் முழு உருவமாகக் கைகூப்பி நின்றார். இறந்தவர் மூலையில் தபால்தலை அளவில் இருந்தார்.

இறந்தவர் பஞ்சாட்சரம், மாநகராட்சிப் பள்ளி டிரில் மாஸ்டர். எழுதியது ஒரே புத்தகம்: ‘கூவத்து வாத்து’.

தமிழ்மொழிக்கு எட்டு வயதில், தம்பி மூளைக்காய்ச்சலில் போனான். “எப்பப்பா வருவான்?” என்று தினமும் கேட்டாள். வாயால் சொல்லத் தெரியாத டிரில் மாஸ்டர் கதையாக எழுதினார். ஒரு சிறுமியின் வாத்து ஆற்றோடு கடலுக்குப் போய்விடுகிறது. ‘நாளை வரும்’ என்று அவள் பாலத்தில் நிற்கிறாள். அது முப்பத்திரண்டாம் பக்கம். முப்பத்து மூன்றில் அவள் அப்பா வந்து, வாத்து இனி வராது என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போகிறார்.

அப்போது பதிப்பகத்தை நடத்திய கதிரேசனின் தகப்பனார் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். அச்சில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் முப்பத்திரண்டு. ஒற்றைப் பக்கத்துக்காக மூன்றாவது ஃபாரம் ஓட்ட அவருக்கென்ன பைத்தியமா?

அச்சான புத்தகத்தை முதலில் படித்தவள் தமிழ்மொழி. இரண்டு வருடம், பள்ளி விட்டதும் போய்த் தம்பிக்காகக் கூவம் பாலத்தில் நின்றாள்.

புத்தகம் காவியமாகிவிட்டது. ‘நம்பிக்கையின் விடியல்’ என்றார்கள் விமர்சகர்கள். இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் பஞ்சாச்சரம் ஆனார். ஏழாம் பதிப்பின் அட்டையில் வாத்து அன்னமாகிவிட்டது. அவளுக்கே ஆறாம் வகுப்பில் துணைப்பாடமாக வந்தது. பரீட்சையில் கேள்வி: வாத்து எப்போது வரும்? ‘வராது’ என்று எழுதிப் பூஜ்யம் வாங்கினாள். ஒவ்வொரு பதிப்புக்கும் பஞ்சாட்சரம் ஒரு கார்டு போடுவார்: அந்தப் பக்கம்? அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வரும்.

நேற்று, பேச்சு நிற்கும் முன் அவர் கேட்டதும் அதைத்தான்.

கதிரேசன் மாலை போட்டு நிமிர்ந்ததும் தமிழ்மொழி, அப்பா கைப்பட எழுதிய அந்தப் பக்கத்தின் பழுப்பேறிய தாளை நீட்டினாள்.

“சார், நேத்துகூட கேட்டுக்கினே இருந்தாரு. இந்த வாட்டியாச்சும் போட்ருங்க.”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நினைவுப் பதிப்பே வருது. கெட்டி அட்டை, ஆர்ட் பேப்பர், நாப்பது பக்கம்!”

“அப்ப எடம் கீதா?”

“எட்டு பக்கம் எக்ஸ்ட்ராதான். அமைச்சர் வாழ்த்து ஒண்ணு, எங்கப்பா படம் ஒண்ணு, மீதி ஆறும் என் பதிப்புரை. நேத்து காலையிலயே மெஷின்ல ஏத்தியாச்சே.”

“நேத்து காலைல அவரு உயிரோட இருந்தாரு சார்.”

“ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டதா சொன்னாங்க...” கதிரேசன் துண்டைச் சரிசெய்துகொண்டார். “அதுவுமில்லாம, அதப் போட்டா கொழந்தைங்க மனசு ஒடஞ்சிடும்மா.”

“அந்தக் கொழந்த நான்தான் சார்.”

அவள் ஏதோ இலக்கியம் பேசுகிறாள் என்று நினைத்துக் கதிரேசன் மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். “வாத்து நாளை வரும் என்றார் அய்யா. அய்யாவும் நாளை வருவார்!” பள்ளியிலிருந்து அழைத்துவரப்பட்டிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அதையே சைகையாக எடுத்துக்கொண்டு மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்க, கதிரேசனின் மீதி உரை யாருக்கும் கேட்காமல் போயிற்று. பாடையைத் தூக்கினார்கள். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது, மகள் தமிழ்நிலா வந்து வாசற்படியில் நின்றாள். ஆறு வயது.

“அம்மா, தாத்தா நாளைக்கி வந்துருவாருன்னு அந்த அங்கிள் சொன்னாரு. வருவாரா?”

தமிழ்மொழி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“வரமாட்டாரு.”

“நாளான்னிக்கு?”

“எப்பவுமே வரமாட்டாரு, கண்ணு.”

குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு ஈரத் தரையைப் பார்த்தது. பிறகு கேட்டது.

“அப்ப ஜன்னலாண்ட, தாத்தா கட்டில்ல நான் படுத்துக்கட்டா?”

தமிழ்மொழி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அப்பாவின் ஜன்னலோரக் கட்டிலில் மகளின் சின்னத் தலையணையை வைத்தாள்.