அண்ணன் ஃபைலில் இருந்த கடிதம்

ஒரு தும்மலுக்கு விலா எலும்பு முறியுமா? முறிந்தது. பள்ளிக்கூடமே பி.டி. டீச்சர் என்று கூப்பிடும் அவளுக்கு வயது முப்பத்து மூன்று. இன்னமும் பிள்ளைகளோடு நானூறு மீட்டர் ஓடுகிறவள். "ஸ்டாஃப் ரூமே அதிர்ற மாதிரி தும்மினா இப்படித்தான்" என்று கணக்கு வாத்தியார் கிண்டலடித்தார். அவளும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் இரண்டு வாரந்தான். எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ரத்தம், சிறுநீர், எலும்பு மஜ்ஜை என்று ஒன்றையும் விடாமல் சோதித்துவிட்டு, மல்டிபிள் மைலோமா என்றார் டாக்டர். மஜ்ஜையில் வரும் புற்றுநோய்.

"பெரும்பாலும் அறுபது தாண்டினவங்களுக்குத்தான் வரும். உங்க வயசுல யாரும் இதைத் தேட மாட்டாங்க. கிட்னியும் பாதி கெட்டிருக்கு. முன்னாடி ஏதாவது டெஸ்ட் எடுத்தீங்களா?"

எடுத்திருந்தாள். ஒன்பது மாதம் முன்பு, அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுப்பதற்காக. ரிப்போர்ட்டெல்லாம் அவன் விலாசத்துக்குத்தான் வந்தது. பொருந்தவில்லை என்று அவன்தான் சொன்னான். அன்று அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. பிறகு அம்மா கொடுத்தாள், அண்ணன் தேறிவிட்டான்.

அம்மாவிடம் நோயைப் பற்றி மூச்சுவிடாமல், பழைய ரிப்போர்ட்டுக்காக அவன் வீட்டுக்குப் போனாள். அவன் குளித்துக்கொண்டிருந்தான். அண்ணி ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே அவள் பெயருக்கு வந்த ஒரு கடிதம், உறை கிழிக்கப்பட்டு. 'உங்கள் ரத்தத்தில் இயல்புக்கு மாறான புரதம் இருக்கிறது. நீங்கள் சிறுநீரகம் கொடுக்கக் கூடாது. உடனே ரத்த நோய் மருத்துவரைப் பாருங்கள்.' தேதி, ஒன்பது மாதத்துக்கு முந்தையது.

தலையைத் துவட்டியபடி வந்த அண்ணனிடம் அதை நீட்டினாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"சொன்னா அம்மா உன் பின்னாடிதான் ஓடியிருப்பா. எனக்குக் கொடுக்க வேற யாரு இருந்தா? நீ கல்லு மாதிரி இருந்த. ஆபரேஷன் முடிஞ்சதும் சொல்லலாம்னு..."

"முடிஞ்சு ஆறு மாசமாச்சேண்ணே."

முதுகு வலிக்கிறது என்று இவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். தைலம் தேய்த்துப் படு என்றானே, பாவி, கூடப் பிறந்தவன்.

மன்னிப்பாவது கேட்பான் என்று நின்றாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றான்.

"நான் சொல்லல. நீயே சொல்லு."

அம்மாவின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டாள். "அம்மா, அண்ணன் உங்கிட்ட ஏதோ பேசணுமாம்" என்று ஃபோனை அவன் கையில் திணித்தாள்.

"ஏன், அவனுக்கு என்னடி?" பதறினாள் அம்மா. "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"